கரைவலைப் பாட்டும் கணினிக் கம்பியும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்துதவுமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, அவர்கள் எதிர்பார்த்தது பழைய அதிபர்களின் பிரம்பைப் பற்றியோ, விடுதிச் சோற்றைப் பற்றியோ, மழையில் நனைந்து தோற்ற உதைபந்தாட்டத்தைப் பற்றியோ ஒரு நினைவுக் குறிப்பாகவே இருந்திருக்கும். அவற்றையெல்லாம் எம்மினும் சுவைபட எழுதவல்லார் பழைய மாணவருள் பலர் உளர். நாம் எழுதப் புகுந்தது ஒரு கம்பியைப் பற்றி. கணினியையும், பாடநூல்கள் பல்லூடக எறியி என்றும் ஊரார் மல்டிமீடியா என்றும் அழைக்கும் படங்காட்டுங் கருவியையும் இணைக்கின்ற கம்பி அது. இதுவும் ஒரு பொருளா என அன்பர்கள் நகைக்கலாம். அக்கம்பியின் இயல்பை அறியாதிருந்தமையால் ஒரு பெரியவருக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை, ஆதலின் எழுதுகின்றோம்.

சிலாபத்திலிருந்து புத்தளத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால், முந்தல் களப்புக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பிலே உடப்பு என்னும் ஊர் உண்டு. திரௌபதையம்மன் ஆலயத்தாலும் அங்கு நடைபெறும் தீமிதிப்பாலும் அவ்வூரை அறிந்தோர் பலர். அவ்வூர்க் கரைவலைப் பாட்டை அறிந்தோர் சிலர். தோணியிற் கொண்டுசென்று கடலிலே அரைவட்டமாக வளைத்துவிட்ட வலையின் இரு பக்கத்துக் கயிறுகளையும், கரையில் இரு வரிசையாக நின்று இழுப்பதே கரைவலைத் தொழில். இழுப்போரின் கால்களும் தோள்களும் ஒரே கணத்தில் இயங்கவேண்டும். இன்றேல் வலை ஒருபுறம் கோணும், மீன் தப்பும். அவ்வொருமையைத் தருவது அம்பா எனப்படும் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். ஏனையோர் கயிற்றைப் பற்றியபடியே மறுமொழி கொடுத்து இழுப்பர். உழவு இயந்திரத்திற் பூட்டிய உருளையைக் கொண்டு வலையை இழுக்கும் வழக்கம் பரவியபின் பாட்டுக்கு வேலை குறைந்தது.

இப்பாட்டுகள் முதியோருடனேயே போய்விடும் என்னும் அச்சத்தால், 2016ஆம் ஆண்டு தை மாசி மாதங்களிலே பழைய மாணவர் சிலர் ஒன்றுகூடி அவற்றைப் படம்பிடிக்க முனைந்தோம். ஆசிரியத் தொழிலிலிருந்து இளைப்பாறி, வீட்டுத் திண்ணையிற் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த எம்மையும் அம்முயற்சியிற் சேர்த்துக்கொண்டனர். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் விடியுமுன்னே கடற்கரைக்குச் சென்றோம். அடியெடுத்துப் பாடியவர் எண்பது வயதைக் கடந்தவர். கயிறு பிடிக்கும் வலு அவரை விட்டு நீங்கியிருந்தது; குரல் நீங்கவில்லை. மூன்றாம் நாள் படப்பிடிப்பு முடிந்ததும் அவர் எம்மருகில் வந்து, "மாஸ்டர், பிடிச்சதை எனக்கும் ஒருக்காக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். சிறு பராயம் முதலாகப் பாடிவந்தவர் தம் குரலைத் தாமே ஒருமுறையேனும் கேட்டதில்லை என்பதை அப்பொழுதுதான் அறிந்தோம். கட்டாயம் காட்டுவோம் என்று வாக்களித்தோம்.

சோளகம் தொடங்கினால் மேற்குக் கரையிலே கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் தொழிலாளர் பலர் கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்து, ஐப்பசி கார்த்திகையளவிலேயே ஊர் மீள்வர். அவர்கள் புறப்படுமுன் காட்டிவிடவேண்டும் என்று பங்குனியில் ஒரு மாலையைக் குறித்தோம்.

எமது மாவட்டத்துக் கடற்கரை மண்டபங்களை அன்பர்கள் அறிவர். காற்று வருவதற்காக அரைச்சுவர் மட்டுமே எழுப்பியிருப்பார்கள். காற்றோடு மேற்றிசைச் சூரியனும் உள்ளே வருவான். எம்மிடம் இருந்த கருவியின் ஒளி அவ்வளவு வலுவுடையதன்று. பகலொளி சிறிதிருந்தாலும் வெண்திரை வெண்திரையாகவே நிற்கும். ஆகவே அன்று நண்பகல் முழுவதும் இளைஞர்கள் கிடுகுகளைக் கட்டி அரைச்சுவருக்கு மேலுள்ள வெளியை அடைத்தனர். கிடுகு போதாத இடத்துக்குத் தோணி மூடும் படங்கு வந்தது. ஐந்து மணிக்கு மண்டபம் இருண்டது. நாமும் மனம் மகிழ்ந்தோம். கம்பியைப் பற்றி எவரும் நினைக்கவில்லை. அது இருக்கிறது, செருகினாற் போதும் என்பதே எமது எண்ணம்.

கருவி, வெளிநாட்டிலுள்ள ஒரு பழைய மாணவர் பல ஆண்டுகளுக்கு முன் அன்பளிப்புச் செய்தது. அதன் பின்புறத்திலே வீ.ஜீ.ஏ. எனப்படும் நீலநிற வாயில் ஒன்றே இருந்தது. மடிக்கணினியோ புதியது. அதில் எச்.டி.எம்.ஐ. எனப்படும் தட்டையான வாயில் ஒன்றே இருந்தது. கம்பி நீல முனையுடையது. அதை ஏந்திக்கொண்டு மடிக்கணினியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தோம், செருகுதற்கு இடமில்லை. மண்டபத்திலே முந்நூறு பேருக்குக் குறையாமல் வந்து அமர்ந்துவிட்டனர். முன்வரிசையில் நாற்காலியொன்றிலே, வெள்ளைச் சாரமும் சலவைச் சட்டையும் அணிந்து, பெரியவர் வீற்றிருந்தார்.

இவ்விடத்தில் அவ்விரு வாயில்களின் வரலாற்றைச் சிறிது கூறுதல் பொருந்தும். வீ.ஜீ.ஏ. என்பது 1987ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனம் தன் கணினிகளுடன் வெளியிட்டது. மூன்று வரிசையில் பதினைந்து முட்களுக்கு இடமுடையது. அதன் வழியே செல்வது படம் மட்டுமே. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களும் முதல் மூன்று முட்களின் வழியே, கூடிக்குறையும் மின்னழுத்தங்களாகத் தனித்தனியே செல்லும். ஒலிக்கு அதில் இடமே இல்லை. எச்.டி.எம்.ஐ. ஏழு நிறுவனங்கள் கூடி வகுத்தது. எமது நாட்டிலே போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான அதே 2002ஆம் ஆண்டின் இறுதியில் அதன் முதல் விதிமுறை வெளியாயிற்று. பத்தொன்பது தொடுமுனைகள் உடையது. படமும் ஒலியும் இலக்கங்களாக மாறி அதன் வழியே ஒருங்கு செல்லும். 2010ஆம் ஆண்டு மார்கழியிலே இன்டெல் முதலிய பெரு நிறுவனங்கள் சில, 2015ஆம் ஆண்டளவில் வீ.ஜீ.ஏ. வாயிலைக் கைவிடப்போவதாக அறிவித்தன. அவ்வறிவிப்பு எம்மூர் மண்டபத்தை வந்தடைந்தது அந்தப் பங்குனி மாலையிலேதான்.

இரண்டையும் இணைக்க மாற்றி ஒன்று வேண்டும் என்று ஓர் இளைஞர் கூறினார். தம்மிடம் ஒன்று உண்டென்று ஓடிச்சென்று எடுத்தும் வந்தார். ஒரு முனை நீலம், மறு முனை தட்டை, பார்வைக்குப் பொருத்தமானதே. ஆயினும் பொருந்தவில்லை. நீல வாயிலுள்ள கணினியைத் தட்டை வாயிலுள்ள திரைக்கு இணைப்பதற்காகச் செய்யப்பட்ட மாற்றி அது. எமக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறானது. இலக்கங்களை மின்னழுத்தங்களாக்குவது ஒரு வேலை, மின்னழுத்தங்களை இலக்கங்களாக்குவது வேறொரு வேலை; ஒவ்வொன்றுக்கும் உள்ளே வெவ்வேறு சிறு சுற்று இருக்கிறது. சந்தையிலே இரண்டும் உடன்பிறந்தவை போலவே தொங்கும். வாங்குவோர் முனைகளைப் பார்க்கின்றனரேயன்றி, எதிலிருந்து எதற்கு என்று உறையில் எழுதியிருப்பதைப் பார்ப்பதில்லை. வேறொருவர் உந்துருளியில் முந்தலுக்கு விரைந்தார். அங்கே கலியாண வீடுகளுக்குப் படம்பிடிக்கும் அன்பரொருவரிடம் சரியான மாற்றி இருந்தது.

அவர் வரும்வரை கருவி திரையிலே நீல ஒளியை மட்டும் பரப்பி, சமிக்ஞை இல்லை என்னும் பொருள்பட ஓர் ஆங்கில வாசகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. சிறுவர்கள் சும்மா இருப்பரோ? எழுந்து வந்து கைவிரல்களால் நாயும் நண்டும் கொக்குமாக நிழல்கள் செய்து காட்டினர். மக்கள் சிரித்து மகிழ்ந்தனர். ஒல்லாந்து நாட்டு ஹைகன்ஸ் என்னும் அறிஞர் 1659ஆம் ஆண்டளவில் அமைத்த மாய விளக்குக்கு மெழுகுவர்த்தியும் கண்ணாடிச் சித்திரமுமே போதுமாயிருந்தன என்று எங்கோ படித்தது எமக்கு அப்பொழுது நினைவுக்கு வந்தது. சிறுவரின் கைவேலையை வியந்து நிற்க எமக்கு மனமில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். விடியுமுன் கடலுக்குச் செல்லவேண்டியவர்கள் எட்டரை மணிக்குமேல் இருக்கமாட்டார்கள்.

ஏழரை மணியளவில் மாற்றி வந்தது. செருகினோம், திரையிலே பழைய வாசகமே நின்றது. கருவியின் மேலுள்ள பொத்தானை அழுத்தி எந்த வாயிலைப் பார்க்கவேண்டுமென்று தெரிவித்தோம், பயனில்லை. பெரியவரின் பேர்த்தி ஒன்பதாந் தரத்திற் படித்துக்கொண்டிருந்தவள், "சேர், நான் ஒருக்காப் பார்க்கட்டா?" என்று கேட்டுக்கொண்டு வந்து, வின்டோஸ் சின்னமுள்ள விசையை அழுத்திப் பிடித்தபடி பீ என்னும் எழுத்தை அழுத்தினாள். கணினியின் ஓரத்தில் நான்கு தெரிவுகள் தோன்றின: கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒன்றே, இரண்டாகப் பரப்புதல், இரண்டாம் திரை மட்டும். அவள் இரண்டாவதைத் தெரிந்தாள். கடற்கரை திரையில் எழுந்தது. மண்டபம் ஆரவாரித்தது.

ஆனால் நிறம் பிழைத்திருந்தது. மணல் மஞ்சள் பூசியதுபோலவும், வெண்மேகம் எலுமிச்சைபோலவும், கடல் கரும்பச்சையாகவும் தோன்றின. தம் கடலை நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு வேறு கடலைக் காட்டினால் ஒப்புவார்களா? பின்வரிசையிலிருந்து ஒருவர், "இது எந்த ஊர்க் கடல்?" என்று உரக்கக் கேட்டார். கம்பியின் முனையைக் கழற்றிக் கைவிளக்கின் ஒளியிற் பார்த்தபோது, உப்புக்காற்றால் மூன்றாம் முள்ளிலே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நீலநிறம் வரும் வழி அது. நீலம் அடைபட்டால் எஞ்சும் சிவப்பும் பச்சையும் கூடி வெண்மையை மஞ்சளாக்கிவிடும். துணியாற் துடைத்து, இருபுறத்துத் திருகாணிகளையும் இறுக்கியதும் கடல் நீலமாயிற்று. (இம்முனையிலே ஒன்பதாம் முள் பல கம்பிகளில் இயல்பாகவே இராது. முள் முறிந்துவிட்டதென எண்ணி நல்ல கம்பியொன்றை முன்னொருகால் நாம் குப்பையிலிட்டதுண்டு. இதைப் படிப்போராவது அப்பிழையைச் செய்யாதிருக்க.)

அதன் பின்னரே எமது பெரிய குறை வெளிப்பட்டது. படத்திலே பெரியவர் கயிற்றின் பக்கத்தில் நின்று, கழுத்து நரம்பு புடைக்க, வாய் திறந்து அடியெடுத்துக் கொடுக்கின்றார். இரு வரிசையாரும் பின்னோக்கிச் சாய்ந்து மறுமொழி கொடுக்கின்றனர். ஓசை இல்லை. கணினியின் ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றினோம்; கணினியின் சொந்த ஒலிபெருக்கியும் ஊமையாகவே இருந்தது. சற்றுமுன் வரை பேசிக்கொண்டிருந்த கணினி ஏன் வாயடைத்ததென்று எவருக்கும் விளங்கவில்லை. மண்டபத்திலே ஒலிவாங்கியும் பெட்டிகளும் ஆயத்தமாக இருந்தன. ஒன்றும் உதவவில்லை. படம் ஊமையாகவே ஓடிற்று. எட்டரை மணியானதும் தொழிலாளர் ஒவ்வொருவராக எழுந்தனர்.

பெரியவர் இறுதிவரை இருந்தார். புறப்படும்போது எம் கையைப் பிடித்து, "மாஸ்டர், வாய் ஆடுது, சத்தத்தைக் காணோமே" என்றார். கடிந்து கூறியதன்று, தேடிய பொருளொன்று கிடைக்காதவர் கூறுவதுபோலக் கூறினார். எல்லோரும் திரும்பி வந்ததும் மறுபடியும் காட்டுவோம் என்றோம். "கார்த்திகைக்கா? சரி" என்று சொல்லி, பேர்த்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கி நடந்தார்.

அன்றிரவு நாம் உறங்கவில்லை. மறுவாரம் புத்தளத்திலே கணினி கற்பிக்கும் எமது பழைய மாணாக்கர் ஒருவரிடம் அம்மாற்றியை எடுத்துச் சென்றோம். அவர் அதைப் பார்த்த மாத்திரத்தே முறுவலித்து, பக்கவாட்டிலிருந்த ஒரு சிறு துளையைக் காட்டினார். அதை நாமும் அன்றே கண்டிருந்தோம். மின்சாரம் கொடுப்பதற்கான துளையென எண்ணி விட்டுவிட்டோம். அது ஒலி வெளிவரும் துளை. எச்.டி.எம்.ஐ. வாயிலில் ஒன்றைச் செருகியதும், கணினி தன் ஒலி முழுவதையும் படத்தோடு சேர்த்து அவ்வழியே அனுப்பத் தொடங்கிவிட்டது. அதனாலேயே அதன் சொந்த ஒலிபெருக்கி ஊமையாயிற்று. மாற்றி வந்த ஒலியைப் பிரித்தெடுத்து, படத்தை நீலக் கம்பிக்கும் ஒலியை அத்துளைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. துளையிலிருந்து ஒலிபெருக்கிக்கு ஒரு மெல்லிய கம்பி மட்டுமே வேண்டியிருந்தது. இருநூறு ரூபாவும் பெறாத கம்பி. அதுவும் இல்லாவிட்டால், கணினியின் ஒலியமைப்பிலே அதன் சொந்த ஒலிபெருக்கியைத் தெரிந்து, மண்டபத்து ஒலிவாங்கியை அதன் அருகே பிடித்திருந்தாலும் போதுமாயிருந்தது. ஆக, அந்த மாலை முழுவதும் பெரியவரின் குரல் அத்துளையின் வாசல்வரை வந்து நின்றுகொண்டே இருந்தது. இதை அறிந்தபோது எமக்கு உண்டான வெட்கத்தை எழுத்தில் வடிக்க இயலாது.

அன்றே அக்கம்பியை வாங்கினோம். மாணாக்கர் மேலும் சில கூறினார். அவற்றை ஒரு பழைய பயிற்சிக் கொப்பியிற் குறித்துக்கொண்டோம். இரு கருவிகளையும் நிறுத்திவைத்துக் கம்பிகளைச் செருகியபின், படங்காட்டுங் கருவியை முதலிலும் கணினியைப் பின்னரும் இயக்குதல் நன்று. ஏனெனில், கணினி தன்னோடு இணைந்தது யாது, அஃது எத்தனை புள்ளிகளைக் காட்டவல்லது என்று கம்பி வழியே வினவும். எறியி மறுமொழி கொடுக்கும். மறுமொழி கிடையாவிடின் கணினி அங்கே ஒன்றும் இல்லையென எண்ணிக்கொள்ளும், அல்லது பொருந்தாத அளவிலே படத்தை அனுப்பும். அடியெடுத்துக் கொடுப்பதும் மறுமொழி கொடுப்பதும் கரைவலைக் கயிற்றுக்கு மட்டும் உரியவையல்ல என்று அப்பொழுது எண்ணிக்கொண்டோம். எமது எறியி குறுக்கே 1024, நெடுக்கே 768 புள்ளிகள் காட்டுவது; மடிக்கணினியோ அகன்ற திரையுடையது. முதல் நாளிலே எல்லோர் முகமும் நீண்டு தோன்றியதன் காரணம் அதுவே. ஊரார் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. மெலிந்து விட்டதாகவே சிலர் மகிழ்ந்தனர்.

பெரியவர் ஆனி மாதத்திற் காலமானார். செய்தி கேட்டுச் சென்றபோது, கடற்கரையிலே தோணிகள் மணலில் ஏற்றிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. காற்று கடுமையாக வீசிற்று. ஊரிலிருந்த சிலரும், கிழக்குக் கரையிலிருந்து இரவோடிரவாக வந்த சிலருமே பாடையைச் சுமந்தனர். அந்தத் தகட்டை, அதாவது பாட்டுகளைப் பதித்த இறுவட்டை, வீட்டாரிடம் கொடுத்தோம். வீட்டிலே அதைப் போட்டுப் பார்க்கும் கருவி இருக்கவில்லை.

கார்த்திகையிலே அதே மண்டபத்திற் கூடினோம். இம்முறை முதல் நாளே எல்லாவற்றையும் இணைத்துப் பார்த்தோம். களிம்பேறாத புதுக் கம்பி, சரியான மாற்றி, துளையிலிருந்து ஒலிபெருக்கிக்கு மெல்லிய கம்பி, உருளை முள் பிளக்குக்கும் சதுர முள் பிளக்குக்கும் பொருந்தும் நீட்டுக்கம்பி ஆகிய எல்லாம் மேசையில் வரிசையாக இருந்தன. இணைக்கும் பொறுப்பைப் பேர்த்தியிடமே விட்டோம். ஆறே முக்காலுக்குப் படம் தொடங்கிற்று. கடலோசை முதலில் வந்தது. பின்னர் அவர் குரல். மண்டபத்தின் நாற்புறத்துப் பெட்டிகளிலிருந்தும் எழுந்த அக்குரல், மண்டபத்துக்கு வெளியேயிருந்த கடலின் ஓசையையும் மூடிற்று. முதலடி முடிந்ததும், திரையிலுள்ளவர்கள் மறுமொழி கொடுக்குமுன், கீழே அமர்ந்திருந்த தொழிலாளர்கள் கொடுத்துவிட்டனர். எவரும் சொல்லிக்கொடுத்ததன்று, தோள் பழகிய பழக்கம். சிலருடைய கைகள் இல்லாத கயிற்றைப் பற்றுவன போல மடியில் அசைந்தன. பெரியவரின் மனைவியார் முன்வரிசையிலே, சேலைத் தலைப்பை வாயிற் பொத்தியபடி இருந்தார். அவர் பக்கத்து நாற்காலியை எவரும் நிரப்பவில்லை.

நாற்பது நிமிடத்திற் படம் முடிந்தது. கூட்டம் எழுந்ததும் வழக்கம்போல ஒருவர் வந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கக் கையை நீட்டினார். பேர்த்தி தடுத்தாள். அக்கருவியின் விளக்கு மிகுந்த வெப்பம் உடையது. நிறுத்தற் பொத்தானை அழுத்தியபின்னும் உள்ளிருக்கும் விசிறி சில நிமிடம் சுழன்று அதைத் தணிக்கும். அதற்குள் மின்சாரத்தை அறுத்தால் விளக்கின் ஆயுள் குறையும். (2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட காலத்திலேதான் அவ்விளக்கு கெட்டது. 900 மெகாவாற்று ஆற்றலுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையம் எமது கரையிலேயே நிற்கின்றது என்று அன்று மண்டபத்தில் ஒருவர் கூற, மற்றவர் சிரிக்கவும் இல்லை.)

ஆகவே அவளும் நாமும் காத்திருந்தோம். கிடுகுகளை இளைஞர்கள் அவிழ்க்கத் தொடங்கினர். கடற்காற்று உள்ளே வந்தது. விசிறியின் ஓசை மெல்லத் தணிந்து நின்றபின், அவள் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, முனைகளைத் துணியாற் துடைத்து, மெல்லிய கம்பியைத் தனியே சுருட்டி, எம்மிடம் தராமல் தன் புத்தகப் பையில் வைத்துக்கொண்டாள்.